ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வரும் கோளாறு: பெட்ரோல் ஆவி அமைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

வேளச்சேரியிலிருந்து வந்த வண்டி. நாலு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் செடான், 2017 மாடல், பிஎஸ்4. ஓட்டம் 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளப்பினால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் முதல் சிக்னலில் இன்ஜின் உதறி, சில நேரம் அணைந்தே போகிறது என்பது முதல் புகார். அடுத்தது, மைலேஜ் குறைந்திருக்கிறது. மூன்றாவதாக, அடுக்ககத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை. அது அசோசியேஷன் கூட்டம் வரை போய்விட்டதாம்.

செக் இன்ஜின் லைட் எரியவில்லை. ஸ்கேனர் போட்டால் பதிவான கோடு, அதாவது பிழைக் குறியீடு, எதுவும் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன்பு வேறு இடத்தில் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் க்ளீன் செய்து, கடைசியில் டேங்கிலுள்ள ஃபியூயல் பம்ப்பையும் மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கோளாறு போனது போலிருந்து, பிறகு திரும்பியிருக்கிறது. "எல்லாம் இந்த இ20 பெட்ரோலால்தான் சார், யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க" என்பது உரிமையாளரின் முடிவு. இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்.

ஆனால் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை, ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறிப்பு. 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' என்று எழுதியிருந்த வரிகளை மட்டும் பார்த்தோம். அத்தனையும் ஃபுல் டேங்க் போட்ட நாட்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்ட நாட்களில் ஓரம் காலியாக இருந்தது. ஸ்கேனர் சொல்லாததை அந்த நோட்டு சொல்லிவிட்டது. பிளக்கோ பம்ப்போ கெட்டிருந்தால் டேங்க் நிரம்பிய நாளாகப் பார்த்துத் தகராறு செய்யாது.

முந்தைய வேலைகள் ஏன் 'பலித்தன' என்பதும் இதிலேயே தெரிகிறது. பம்ப் மாற்ற வேண்டுமென்றால் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தாக வேண்டும். மற்ற வேலைகளுக்கும் யாரும் டேங்க் நிரப்பிக்கொண்டு வருவதில்லை. ட்ரையல் போகும்போது வண்டி நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆவி எங்கே போகிறது

வேலைக்குள் போகும் முன் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெட்ரோலின் லேசான பகுதிகள் சென்னையின் சாதாரண வெயிலிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியை டேங்கில் அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும். வெளியே விட்டால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகுதான் கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பு கட்டாயமானது. நம் ஊரிலும் விதி உண்டு. மூடிய அறைக்குள் வண்டியை நிறுத்தி அளக்கும் சோதனையில் வெளியேறும் ஆவி 2 கிராமைத் தாண்டக் கூடாது.

பிடித்து வைப்பது கேனிஸ்டர். கருப்பு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஆக்டிவேட்டட் கரித்துகள். ஒரு கிராம் கரியின் நுண்துளைப் பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும் என்பதால், சின்ன டப்பாவே நிறைய ஆவியை ஒட்ட வைத்துக்கொள்ளும். கேனிஸ்டரில் மூன்று வழிகள். ஒன்று டேங்கிலிருந்து ஆவி வரும் வழி. இன்னொன்று வெளிக்காற்று வரும் வென்ட். மூன்றாவது இன்ஜினுக்குப் போகும் வழி. அதன் வாசலில் பர்ஜ் வால்வு இருக்கிறது. இன்ஜின் சூடாகி ஓடும்போது அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் அந்த வால்வை விட்டுவிட்டுத் திறக்கும். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் வேக்கம் இழுக்க, வென்ட் வழியாக வெளிக்காற்று கரியைக் கடந்து, ஒட்டியிருக்கும் ஆவியைக் கழற்றிக்கொண்டு இன்ஜினுக்குள் போய் எரியும். இப்படிக் கூடுதலாக வரும் பெட்ரோலை ஆக்சிஜன் சென்சார் வழியாகக் கண்டு, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை இசிஎம் குறைத்துக்கொள்ளும். கரன்ட் இல்லாதபோது பர்ஜ் வால்வு மூடியே இருக்க வேண்டும். இந்த நிகழ்வில் முதல் முடிச்சு அதுதான்.

கோடு ஏன் வரவில்லை

அமெரிக்க வண்டிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வரும் இளம் மெக்கானிக்குகள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே இசிஎம் டேங்கை மூடி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் மூடியைச் சரியாக மூடாவிட்டாலே லைட் எரியும். நம் விதிகள் ஐரோப்பிய வழியைப் பின்பற்றியவை. பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். கசிவுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே இங்கே ஓடும் பெரும்பாலான வண்டிகளில் டேங்க் அழுத்த சென்சாரும் இல்லை, வென்ட்டை மூடும் வால்வும் இல்லை. ஹோஸ் கழன்று தொங்கினாலும் லைட் எரியாது. 'ஸ்கேன் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்லை' என்று சொல்லி அனுப்புவது ஆவி அமைப்பைப் பொறுத்தவரை எதையும் பார்க்காமல் அனுப்புவதற்குச் சமம்.

பியூசி என்னும் புகைச் சோதனையும் உதவாது. அது புகைக்குழாயில் வருவதை மட்டும்தான் அளக்கும். இதே வண்டி சில மாதங்களுக்கு முன்பு பியூசியில் பாஸாகியிருந்தது.

லைவ் டேட்டாவில் தெரிந்தது

பங்க்குக்குப் போய் உரிமையாளர் வழக்கமாகச் செய்வது போலவே ஃபுல் டேங்க் போடச் சொன்னோம். நாசில் தானாகக் கட் ஆன பிறகும் அவர் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் போடுங்க, ரவுண்ட் பண்ணிடுங்க" என்று கழுத்து வரை ஊற்ற வைத்தார். டேங்க் டு டேங்க் மைலேஜ் கணக்குக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. இதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

திரும்பிக் கிளப்பினால் புகார் அப்படியே வந்தது. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. முழுதாக மிதித்தால் பெரும்பாலான இசிஎம்கள் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜெக்டரை நிறுத்திவிடும். த்ராட்டிலும் திறந்து காற்று அதிகம் போகும். அப்படிச் செய்து கிளம்பினால், உள்ளே பெட்ரோல் தேவைக்கு மேல் இருக்கிறது என்று பொருள். பம்ப் பலவீனமாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.

இசிஎம் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டுவது ஃபியூயல் ட்ரிம்; மைனஸ் என்றால் குறைக்கிறது. ஐடிலிங்கில் உடனடித் திருத்தமான ஷார்ட் டெர்ம் ட்ரிம் மைனஸ் 24 சதவீதம் காட்டியது. நாள்பட்ட திருத்தமான லாங் டெர்ம் மைனஸ் 9. இன்ஜினை 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் ஷார்ட் டெர்ம் மைனஸ் 5க்குத் திரும்பியது. வேகம் ஏற ஏறச் சரியாவதைக் கவனிக்க வேண்டும். ஃபியூயல் பிரஷர் அதிகமாக இருந்தால் எல்லா வேகத்திலும் ரிச் ஆகத்தான், அதாவது பெட்ரோல் அதிகமாகத்தான், காட்டும். ஐடிலிங்கில் மட்டும் மோசமாக இருந்தால், வேறு எங்கிருந்தோ ஒரே அளவாகப் பெட்ரோல் உள்ளே வருகிறது என்று கொள்ளலாம். இன்ஜின் குடிக்கும் காற்று அதிகமாகும்போது அதன் பங்கு கரைந்துவிடுகிறது. ஒழுகும் இன்ஜெக்டரும் இதே மாதிரி காட்டலாம் என்பதால் பிரஷர் கேஜ் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகும் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது.

அடுத்த சோதனைக்கு வேண்டியது ஹோஸ் அழுத்தும் பிளையர் மட்டும். பர்ஜ் வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸை இன்ஜின் ஓடும்போதே அழுத்திப் பிடித்தோம். ஸ்கேனர் திரையில் மைனஸ் 24 அப்படியே ஏறி, சில நொடிகளில் மைனஸ் 3இல் நின்றது. உதறல் அடங்கியது. பிளையரை விட்டதும் மறுபடியும் இன்ஜின் முக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற உரிமையாளர், "இதுக்குத்தான் பம்ப்ப மாத்தினாங்களா?" என்றார். நியாயமான கேள்வி.

வால்வைக் கழற்றியபோது

வால்வுக்குக் கரன்ட் வரும் கப்ளரைப் பிடுங்கினாலும் இழுவை நிற்கவில்லை. கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் முனையில் விரலை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. கரன்ட் இல்லை, ஆனாலும் வால்வு திறந்திருக்கிறது. காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் 26 ஓம், நல்ல அளவு. 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று அடிக்கிறது. மின்சாரக் கணக்கில் எந்தக் குறையும் இல்லாததால் இசிஎம் வாய் திறக்காததில் வியப்பில்லை. இந்த 'டிக்' சத்தத்தை மட்டும் கேட்டு 'பர்ஜ் வால்வு ஓகே' என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. வால்வு அசைகிறதா என்பது ஒரு கேள்வி, மூடினால் அடைக்கிறதா என்பது வேறு கேள்வி. கையால் வேக்கம் பம்ப் போட்டுப் பார்த்தால்தான் இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும்.

வால்வை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினோம். கடுகை விடச் சிறிய கருந்துகள்கள் விழுந்தன. விரலில் தேய்த்தால் கரி. வால்வின் இருக்கையில் கரித்துகள் சிக்கி, அது முழுதாக மூடாமல் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் புது வால்வு போட்டு அனுப்பினால் வண்டி ஓடும், பில்லும் சின்னதாக முடியும். ஆனால் கரி கேனிஸ்டரை விட்டு வெளியே வரவே கூடாத பொருள். உள்ளே ஃபோம், வலை எல்லாம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்திருக்கிறதென்றால் டப்பாவுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. புது வால்வும் கொஞ்ச நாளில் இதே கதிக்கு வரும்.

கேனிஸ்டரும் மிக்ஜாமும்

இந்த மாடலில் கேனிஸ்டர் பின்பக்கம், டேங்குக்கு அருகே அடியில் இருக்கிறது. லிஃப்டில் ஏற்றி இறக்கியதும் கையில் கனம் தெரிந்தது. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டிலிருந்து வாங்கிய புதியதைப் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் பழையது ஏறக்குறைய இரு மடங்கு. சாய்த்தால் உள்ளே திரவம் ஓடும் சத்தம். வென்ட் ஹோஸின் முனையில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து, வழியைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது.

"வண்டி தண்ணில நின்னுச்சா சார்?" என்று கேட்டோம். 2024 அக்டோபர் மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன், ஒரு சொட்டு படவில்லை என்றார். ஊரே அன்றைக்கு மேம்பாலத்தில்தான் நின்றது, அது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டைக் கேட்டதும் முகம் மாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்க்கிங்கில் சக்கரத்தின் பாதி வரை தண்ணீர். இன்ஜினுக்குள்ளும் கேபினுக்குள்ளும் போகவில்லை என்பதால் இன்சூரன்ஸ்கூடக் கேட்கவில்லை. ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து ஓட்டிவிட்டார்.

சக்கரத்தின் பாதி என்றால் அடியிலிருக்கும் கேனிஸ்டர் மூழ்கியிருக்கும். சூடான டேங்க் வெள்ளத்தில் குளிரும்போது உள்ளே அழுத்தம் இறங்கி வென்ட் வழியாக மூச்சு இழுக்கும்; அன்றைக்குக் காற்றுக்குப் பதில் சேற்றுத் தண்ணீர் வந்திருக்கிறது. நனைந்த கரிக்கு ஆவியைப் பிடிக்கும் சக்தி குறையும். ஃபோம் நைந்து போக, துகள்கள் இடம் பெயர ஆரம்பிக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளை வாங்கிச் சரிபார்க்கிறவர்கள் சீட் அடியில் துருவைத் தேடுகிறார்கள். கேனிஸ்டர் வென்ட்டைப் பார்க்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வண்டி என்றால் அது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

உள்ளே இருந்த திரவத்தில் தண்ணீர் மட்டும் இல்லை, பெட்ரோலும் இருந்தது. அது ரவுண்ட் செய்ததன் விளைவு. நாசில் கட் ஆகும்போது டேங்கின் மேல்பகுதியில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அது பெட்ரோல் விரிவதற்காக விட்ட இடம். பூமிக்கடியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 40 லிட்டர் பெட்ரோல், வெயிலில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். கழுத்து வரை ஊற்றியிருந்தால் அந்த அரை லிட்டர் ஆவிக் குழாயில்தான் ஏறும். ஆவிக்காகச் செய்த கரி, திரவத்தில் ஊறினால் முடிந்தது கதை.

இப்போது நோட்டில் இருந்த ஒழுங்கு புரிகிறது. பர்ஜ் வால்வு மூடவில்லை, வென்ட் பாதி அடைப்பு. இன்ஜினின் இழுவை வெளிக்காற்றை எடுப்பதற்குப் பதில் நேராக டேங்கிலிருந்தே இழுத்திருக்கிறது. புதிதாக ஊற்றிய பெட்ரோலில் லேசான பகுதிகள் அதிகம். கழுத்து வரை நிரப்பினால் திரவமும் ஆவிக் குழாய்க்குப் பக்கத்தில். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வருவதாக அவர் சொன்னதும் ஆவி வெளியேறும் சத்தமில்லை, டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம்.

இ20 விஷயத்துக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவியாகும் போக்கு கூடும் என்பது சரிதான். ஆனால் 10 சதவீதம் வரை கலக்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். 20க்குப் போனால் சற்று இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை எத்தனால் என்ன செய்யும் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம், அந்தக் கவலையில் நியாயம் உண்டு. இந்த வண்டியின் கோளாறை அதன் தலையில் கட்ட முடியாது.

மீதி இருந்த வாடை

புது கேனிஸ்டர், புது பர்ஜ் வால்வு. நடுவிலிருக்கும் நீண்ட குழாயை இரண்டு முனையும் கழற்றி, குறைந்த காற்றழுத்தத்தில் ஊதியபோது இன்னும் கரி வந்தது. இதைச் செய்யாமல் மாட்டியிருந்தால் முதல் பர்ஜிலேயே புது வால்வில் கரி ஏறியிருக்கும். மேனிஃபோல்டு முனையையும் துடைத்தோம். டேங்க் பக்கம் எந்தக் காரணத்துக்கும் கம்ப்ரசர் காற்றை விடக் கூடாது. டேங்கே பிளந்துவிடும், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் அது விபரீதம்.

ட்ரிம் சரியாகிவிட்டது, ஸ்டார்ட்டிங்கும் சரி. மறுநாள் காலை கதவைத் திறந்தால் கேபினுக்குள் லேசாக வாடை. பின் சீட் பக்கம் கொஞ்சம் தூக்கல்.

ஸ்மோக் மெஷினை கேனிஸ்டர் வழியாக இணைத்து, வென்ட்டை அடைத்து, அரை பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் புகை விட்டோம். கீழே எங்கும் புகை இல்லை. பின் சீட்டைத் தூக்கி, பம்ப் மூடியின் தகட்டைக் கழற்றியதும் ஒரு பக்கத்திலிருந்து வெள்ளை நூல் போலப் புகை எழுந்தது. பம்ப் மாற்றியபோது பழைய ரப்பர் ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அது ஓரிடத்தில் மடிந்து, வளையத்துக்கடியில் நசுங்கிக் கிடந்தது. பெட்ரோலில் ஊறி உப்பிய ஓ-ரிங் கழற்றியதும் பெரிதாகிவிடும், பள்ளத்தில் உட்காராது. தேவையில்லாத வேலை ஒன்று புதிய கசிவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பார்க்கிங் வாடையில் கேனிஸ்டருக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. காற்றோட்டம் குறைந்த கீழ்த்தளத்தில் தரையோடு தேங்கி நிற்கும். அசோசியேஷன்காரர்கள் சத்தம் போட்டதில் தப்பே இல்லை.

புது ஓ-ரிங் போட்டு மறுபடியும் புகை விட்டோம். எங்கும் வரவில்லை.

வழியில் ஒரு யோசனையும் வந்தது. புதுப்பேட்டையில் பழைய கேனிஸ்டர் மலிவாகக் கிடைக்கும், அதைப் போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். புது கேனிஸ்டர் விலை வால்வை விடப் பல மடங்கு என்பதால் கேட்டது நியாயம்தான். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானே அங்கே அனுப்புவேன். கரியின் உள்நிலையை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை, எந்த வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்தது என்றும் தெரியாது. கேனிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டு ஹோஸை அடைத்துவிடும் 'பைபாஸ்' வேலை சில இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் ட்ரிம் சரியாகும், ஆனால் டேங்க் ஆவி முழுவதும் அந்தப் பார்க்கிங்குக்கே போகும்.

சரிபார்ப்பு

ஸ்கேனரில் பழைய ஃபியூயல் ட்ரிம்மை அழித்துவிட்டு, பங்க்கில் நாசில் முதல் முறை கட் ஆனதும் நிறுத்தச் சொன்னோம். வண்டியை நடு மத்தியான வெயிலில் நிறுத்தி, பிறகு கிளப்பினால் முதல் சுற்றிலேயே பிடித்தது. ஐடிலிங்கில் ஷார்ட் டெர்ம் பிளஸ் 2க்கும் மைனஸ் 3க்கும் நடுவே ஆடியது. ஸ்கேனரிலிருந்து பர்ஜ் வால்வைத் திறக்கச் சொன்னால் ட்ரிம் கீழே இறங்குகிறது, மூடினால் திரும்பி வருகிறது. அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இந்த அசைவு வேண்டும். எதுவுமே அசையாமல் இருந்தால் அதுவும் கோளாறுதான்.

மைலேஜ் கணக்கு தப்பாகிவிடுமே என்பதுதான் உரிமையாளருக்குக் கடைசி வரை இருந்த வருத்தம். ஒரே பங்க், முடிந்தால் ஒரே மெஷின், ஒவ்வொரு முறையும் முதல் கட்டில் நிறுத்தினால் கணக்கு கழுத்து வரை ஊற்றியதற்குக் குறையாமல் வரும். ஒரே ஒரு டேங்க்கை நம்பாமல் மூன்று, நான்கு டேங்குகளின் சராசரியை எடுக்கச் சொன்னோம். நோட்டில் ஒரு புதுப் பத்தியைக் கோடு போட்டுத் தலைப்பில் 'முதல் கட்' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். மழைக்காலம் தொடங்கும் முன் வென்ட் ஹோஸைப் பார்க்க ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறோம்.